பெட்டியில் உறங்கும் பத்திரங்களும் நம் கைக் கேமராவும்

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை தருக என மாணவர்கள் கேட்டபோது, சீறாப்புராணத்தின் உவமை நயம் பற்றியோ குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களின் மெய்ஞ்ஞானம் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவை பற்றி எழுத அறிஞர் பலர் உளர். நான் எழுத விழைவது வேறொன்று. பழைய ஆவணங்களை ஒளிப்படமாக எவ்வாறு எடுக்க வேண்டும், எவ்வாறு எடுக்கலாகாது என்பதே அது. ‘இது தமிழ்த்துறையின் வேலையா? ஸ்டுடியோக்காரர் வேலையன்றோ?’ எனச் சிலர் புன்முறுவல் பூக்கலாம். தமிழ்த்துறையின் வேலையே என்பது என் துணிபு.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தைப் பேசுவோர் எவரும் பல்சந்தமாலையைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அந்நூலில் இன்று நமக்குக் கிடைப்பன 8 பாடல்கள் மட்டுமே. அவையும் களவியற்காரிகை உரையில் மேற்கோளாக எடுத்தாளப்பெற்றமையால் தப்பிப் பிழைத்தவை. யாரோ ஒருவர் படியெடுத்து வைத்தார். அதனால் 8 கிடைத்தன. எஞ்சியவற்றைப் படியெடுப்பார் இல்லை, அவை போயின. பனையோலைக் காலத்தில் படியெடுத்தல் என்பது எழுத்தாணி பிடித்து மாதக்கணக்கில் செய்த தவம். இன்று அது ஒரு நொடியில் முடிகின்றது. அந்த ஒரு நொடியையும் நாம் ஒழுங்காகச் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பிறரைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இராசிபுரத்திற்கு அப்பால் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அவ்வூர்ப் பள்ளிவாசலின் பழைய முத்தவல்லி ஒருவர் தம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தார். வேளாண் குடியினர் ஒருவர் பள்ளிவாசலின் விளக்கெண்ணெய்ச் செலவுக்காகத் தம் நிலத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்து எழுதிய கைச்சாத்துப் பத்திரம் அது. பதிவு செய்யப்படாதது. ஆகவே எந்த அலுவலகத்திலும் அதற்குப் படி இல்லை. “எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் இருக்கும்போதே ஒரு படி இருக்கட்டும்” என்றார். மாலை நேரம், அறையில் வெளிச்சம் போதவில்லை. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவின் பளிச்சொளியை முடுக்கி ஒரே ஒரு படம் எடுத்தேன். பின்புறத்துச் சிறு திரையில் பார்த்தபோது பளபளவென்று நன்றாகவே தெரிந்தது. தேநீர் அருந்திவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

இரண்டு மழைக்காலம் கழிந்தபின், அந்நிலத்தின் எல்லை பற்றி ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. பத்திரத்தைத் தேடினர். பெட்டியின் அடித்தகடு துருவேறிய வழியாகக் கரையான் புகுந்து, தாளை மண்ணாக்கியிருந்தது. என்னிடம் கேட்டனர். கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் நடுவில், ஒரு கையகலத்திற்கு, வெறும் வெண்மை. பளிச்சொளி பட்டுத் தெறித்த இடம். செக்குபந்தி என்று நம் பத்திரங்கள் கூறும் நான்கெல்லை வரிகள் சரியாக அவ்விடத்தில்தான் இருந்தன. மேலே ஆண்டும் பெயரும் தெரிகின்றன. கீழே சாட்சிகளின் கைக்குறிகள் தெரிகின்றன. இடையே எது தெரிய வேண்டுமோ அது இல்லை. அப்பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

இத்தகைய பெட்டிகள் நம் பகுதியில் எத்தனையோ உள. சேலம், நாமக்கல் சமவெளி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து தீர்வை விதித்து, பின்னாளில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறைக்கு அடித்தளமிட்டது இங்கேதான். 1858இல் அமைந்த இனாம் கமிஷன், கோவில், மடம், பள்ளிவாசல், தர்கா ஆகியவற்றின் மானிய நிலங்களை ஆராய்ந்து உரிமைப் பட்டயங்கள் வழங்கியது. அவற்றுள் எஞ்சியவை இன்றும் ஆங்காங்கே வீடுகளில் உள. அவற்றோடு கிரயப் பத்திரம், அடமானக் கடன் சீட்டு, நிக்காஹ் பதிவேடு, நெசவுக் கணக்கு, வைத்திய ஏடு, அரபுத்தமிழ் அச்சுப் பிரதி எனப் பலவும் கலந்து கிடக்கும். 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இத்தாள்களோ எந்த மாவட்டத்துக் கணக்கிலும் ஏறாமல் வீட்டுப் பரண்களிலேயே இருக்கின்றன.

கொங்கு நாட்டில் இப்பணியின் அருமையை உணர்ந்து உழைத்தவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. 2023இல் மறைந்த அப்பெருமகனார் ஊர் ஊராகச் சென்று செப்பேடுகளையும் ஓலைப் பட்டயங்களையும் தேடி வெளிக்கொணர்ந்தார். தமிழக முஸ்லிம்கள் தொடர்பான ஆவணங்களையும் சமயம் பாராது திரட்டினார். அவர் படித்து எழுதிய வாசகம் நமக்குக் கிடைத்தது. ஆயினும் படித்தவர் ஒருவர் தாம் கண்டதை எழுதுவது வேறு. மூலத்தை உள்ளவாறே பின்வருவோர் கண்முன் நிறுத்துவது வேறு. ஓர் எழுத்தில் ஐயம் வந்தால் எங்குச் சென்று தெளிவது? கல்வெட்டாளர் கல்லின்மீது தாளை ஒற்றி மைப்படி எடுத்து வைப்பது இதற்காகவேயன்றோ. தாளுக்கும் ஓலைக்கும் அவ்விடத்தில் நிற்பது ஒளிப்படம்.

இனி முறைக்கு வருவோம். முதலாவது ஒளி. மேடைதோறும் நாம் இப்னுல் ஹைதமைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுகிறோம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவ்வறிஞர், ஒளி பொருளின்மீது பட்டுத் திரும்பிக் கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிதாபுல் மனாழிரில் நிறுவினார். பேச்சு முடிந்து கீழிறங்கியதும், ஒரு பழந்தாளை மேசைமேல் வைத்து நேர் மேலிருந்து பளிச்சொளியைப் பாய்ச்சுகிறோம்! ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் தெறிக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். நேரே விழுந்த ஒளி நேரே லென்ஸுக்குள் திரும்பும். ஆகவே விளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒரே வகையான இரு விளக்குகள், தாளுக்கு இருபுறமும் சம தொலைவில், 45 பாகைச் சாய்வில். தாளின் நடுவில் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்தால் இருபுறமும் இரு நிழல்கள் விழும். இரண்டும் ஒரே நீளமும் ஒரே கருமையும் உடையனவாயின் ஒளி சமம்.

விளக்கு இல்லையேல் வேண்டா. வடக்குப் பார்த்த திண்ணை போதும். காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் படாத நிழலில் தாளை வைத்து, ஒளி வரும் திசைக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால், இருண்ட பக்கமும் ஒளி பெறும். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைச் சாயம் பூசிய சுவரின் அருகில் வைத்தால் தாளும் பச்சை பூசிக்கொள்ளும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் எடுத்தால் எல்லாம் நீலம். சன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் தாளின் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம்; பின்னர் எக்கணினியாலும் அதை முற்றத் திருத்தவியலாது. ஒரு படத்திற்கு ஒரு வகை ஒளி என்பதை நெறியாகக் கொள்க. எடுப்பவரின் சட்டைகூட வெள்ளையாகவோ கறுப்பாகவோ சாம்பலாகவோ இருப்பது நன்று.

லேமினேஷன் செய்த பத்திரங்கள் ஒரு தனித் துன்பம். காப்பதாக எண்ணிச் செய்கின்றனர். தாளை ஞெகிழியோடு சூட்டில் ஒட்டியபின் பிரிக்கவும் முடியாது, ஒளி தெறிக்காமல் எடுப்பதும் கடினம். பெரியோர்கள் தயவு செய்து இனி அதனைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, கேமராவுக்குள் செல்லும் ஒளியின் அளவு. கேமராவுக்கு அறிவு குறைவு. தான் காண்பதெல்லாம் நடுச்சாம்பல் நிறம் என எண்ணியே அது அளவிடுகின்றது. வெள்ளைத் தாளைக் காட்டினால் அதனைச் சாம்பலாக்கிவிடும்; கருத்த ஓலையைக் காட்டினால் அதனையும் வெளிறச் செய்து சாம்பலாக்கும். எனவே வெண்டாளுக்கு அது சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டியும், கரிய ஓலைக்குச் சற்றுக் குறைத்தும் எடுக்க வேண்டும். கைபேசியில் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் இதுவே நிகழ்கின்றது. கணினியில் முழுக்கறுப்பு 0, முழுவெள்ளை 255. தாளோடு வைத்த வெள்ளைக் கட்டம் 240ஐ ஒட்டி நிற்பது நலம். 255ஐத் தொட்டுவிட்டால் அங்கே எதுவும் இல்லை என்று பொருள். என் செக்குபந்தி வரிகள் அங்கேதான் போயின. இருளில் மங்கியதை ஓரளவு மீட்கலாம்; வெண்மையில் எரிந்ததை மீட்க வழியே இல்லை.

மூன்றாவதாகிய நிறத்தைத்தான் நம்மவர் அறவே புறக்கணிக்கின்றனர். ‘எழுத்துத் தெரிந்தால் போதாதா, நிறம் எதற்கு?’ என்பர். சேலத்து மக்கள் இதைக் கேட்கலாகாது. முதல் முழுநீளத் தமிழ் வண்ணப் படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வெளிவந்தது நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து. டி.ஆர். சுந்தரம் கேவா கலரில் எடுத்த அப்படத்தைக் காண மாட்டுவண்டி கட்டிப் போன கதையைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் நாம். கேளிக்கைக்கு நிறம் வேண்டும், ஆவணத்திற்கு வேண்டாவா?

ஆவணத்தில் நிறம் என்பது சான்று. ஒரு பத்திரத்தில் பதினொரு வரிகள் ஒரு மையிலும், இடையில் செருகிய ஒரு வரி வேறொரு மையிலும் இருக்கும். பழைய இரும்பு மை நாளடைவில் பழுப்பாகும். பின்னாளைய மை நீலமாகவோ ஊதாவாகவோ நிற்கும். வண்ணம் சரியாக உள்ள படத்தில் அச்செருகலைச் சிறுவனும் காட்டிவிடுவான். கறுப்பு வெள்ளைப் படியில் பன்னிரண்டு வரிகளும் ஒரே கையின் எழுத்தாகிவிடும். சிவப்பு மையில் அடித்த அடித்தல், முத்திரையின் அரக்கு, முத்திரைத்தாளின் நிறம், நீர்க்கறை எதுவரை பரவியது என்பது எல்லாம் அவ்வாறே. இன்று கைபேசியில் தாளை ‘ஸ்கேன்’ செய்யும் செயலிகள் மலிந்துள. அவை தாளின் பழுப்பை அழித்துப் பளிச்சென வெள்ளையாக்கி, எழுத்தைக் கருக்கிக் காட்டுகின்றன. பார்க்க அழகு. ஆனால் மெலிந்த கோட்டைக் கறையெனக் கருதித் துடைத்துவிடுகின்றன; பழைய ஏடுகளில் புள்ளியும் சுழியும் போனால் பொருளே மாறிவிடும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் அட்டைக்கு அச்செயலி போதும். நூற்றாண்டு கண்ட பத்திரத்திற்கு அது பகை.

நிறத்தை உண்மையாகப் பிடிப்பதற்குச் செலவு மிகுதியில்லை. ஒரு சாம்பல் அட்டையைத் தாளின் ஓரத்தில் வைத்து எடுத்தால், அச்சாம்பல் சாம்பலாகத் தெரியுமாறு கணினியில் நேர்செய்துவிடலாம். ஏனைய நிறங்கள் தம்மிடத்தை அடையும். 1976 முதல் வழங்கிவரும் 24 கட்ட வண்ண அட்டை இருப்பின் இன்னும் சிறப்பு. கூடவே ஓர் அளவுகோலும் வைத்துவிட்டால் தாளின் உண்மை அளவும் படத்திலேயே பதிவாகும். இவ்விரண்டும் இல்லாத படம் பெயரும் தேதியும் இல்லாத கடிதத்தைப் போன்றது.

கேமரா தாளுக்கு இணையாக இருக்கிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தாள் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்க வைத்து லென்ஸ் வழியே நோக்குக. லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் கோணல் இல்லை. கையால் பிடியாமல் தாங்கியில் பொருத்தி, இரண்டு நொடி தாமதம் வைத்து எடுக்க வேண்டும். எட்டரை அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உள்ள பத்திரத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் எடுப்பதற்கு ஒரு கோடியே ஏழு இலட்சம் புள்ளிகள் தேவை. இன்றைய சாதாரணக் கைபேசியே அதனைத் தரும், சட்டகம் நிறைய எடுத்தால். எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பினால் சுருங்காது. மூலக் கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருத்தல் வேண்டும்.

ஓலைக்கு மட்டும் ஒரு விலக்கு. மையிட்டுக் கருக்காத ஓலையில் எழுத்து வெறுங்கீறல்தான். இருபுறச் சம ஒளியில் அது மறைந்தே போகும். அதற்கு ஒரு விளக்கை மட்டும், ஏறக்குறைய ஓலையின் மட்டத்திலேயே, பக்கத்திலிருந்து வீச வேண்டும். கீறலின் ஒரு விளிம்பு நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். தேய்ந்த செப்பேட்டுக்கும் இம்முறை உதவும். முதன்முறை அவ்வாறு ஓர் ஓலையில் எழுத்துகள் எழக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தக் கருத்தரங்கும் எனக்குத் தந்ததில்லை.

இவ்வளவும் எதற்கு என்பார்க்கு அண்மை நிகழ்ச்சி ஒன்று. 2025 ஜூன் 6ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘உமீத்’ தளத்தில் வக்பு சொத்துகளின் விவரங்களையும் ஆவணங்களையும் ஏற்றுவதற்கு ஆறு திங்கள் கெடு விதிக்கப்பெற்றது. அச்சட்டத்தின் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்காலத்தில் என் பார்வைக்கு வந்த படங்களைப் பற்றியே சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்டவற்றைப் படிக்க முடியவில்லை. ஒன்றில் எடுத்தவரின் கை நிழல். ஒன்றில் மின்விசிறி காற்றில் தாள் படபடத்த கலங்கல். ஒன்று ஜெராக்ஸின் ஜெராக்ஸை எடுத்த படம். எடுத்தவர்கள் கவலையற்றவர்களல்லர். இரவு பகல் பாராது உழைத்த இளைஞர்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம் இதைச் சொல்லிக்கொடுப்பாரில்லை.

நீதிமன்றத்தின் நோக்கிலும் ஒரு செய்தி உண்டு. மூலம் அழிந்துபோனால், துல்லியத்தை உறுதி செய்யும் இயந்திர முறையில் எடுத்த படியை இரண்டாம் நிலைச் சான்றாகக் காட்டுவதற்கு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் அவ்வாறே இடமளிக்கின்றது. துல்லியம் என்பது சட்டமே கேட்கும் தகுதி. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது என நம் மாணவர் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது அது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே வலியுறுத்துவது.

பெட்டியைத் திறக்க அஞ்சும் பெரியோர் உளர். ‘படம் வெளியே போனால் வம்பு வரும்’ என்பது அவர்தம் அச்சம். அது அடிப்படையற்றதென்று நான் சொல்லேன். படத்தின் முதற்படி வீட்டாருக்கே; அவர் இசைவின்றி எவருக்கும் காட்டலாகாது; மூலத்தை வீட்டை விட்டு எடுத்துச் செல்லவே கூடாது. இதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னர் கேமராவை எடுப்பதே முறை. ஆனால் அச்சத்தினால் படியெடாமல் விடுவதன் விலை என்ன என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. படியில்லாத ஏடுகள் அன்றோடு இல்லாமற் போயின. 2013 ஜனவரியில் மாலி நாட்டின் திம்புக்துவில் அகமது பாபா நிறுவனத்துச் சுவடிகளுக்குத் தீ வைக்கப்பட்டபோது, அவ்வூர்ச் சுவடிகளுள் பெரும்பாலானவற்றை ஊர்க்குடும்பங்களும் நூலகத்தாரும் முன்னரே பெட்டி பெட்டியாக மறைத்துத் தலைநகருக்குக் கொண்டுசென்றிருந்தனர். அங்கே அவை ஒவ்வொன்றாகப் படமெடுக்கப்பெற்றன. நம் ஊரில் தீ வேண்டியதில்லை, கரையானே போதும்.

எனவே நம் தமிழ்த்துறை இதை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. இயற்பியல் துறையினர் விளக்கையும் கேமராவையும் அறிவர். ஆனால் ‘ளு’வுக்கும் ‘ளூ’வுக்கும் உள்ள வேறுபாடு படத்தில் விழுந்துவிட்டதா எனப் பார்க்கத் தெரிந்தவர் பழந்தமிழ் எழுத்து பயின்றவரே. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வீட்டின் ஆவணங்களைப் படமெடுத்து, வாசகத்தை எழுதிக் கொடுப்பதை ஒரு பாடப் பணியாக வைக்கலாம். நான்கடி மரச்சட்டத்தில் தச்சரிடம் சொல்லி ஒரு தாங்கி செய்துகொள்வதும், இரண்டு விளக்கும் ஒரு சாம்பல் அட்டையும் வாங்குவதும் ஒரு விழாவின் பொன்னாடைச் செலவுக்குள் அடங்கும். அரபு, உருது, பாரசீகத் தாள்கள் வந்தால் அவற்றைப் படிக்கவல்ல ஆலிம்கள் நம் அருகிலேயே உளர்.

இராசிபுரத்துப் பெரியவர் சில ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தாகிவிட்டார். அவர்தம் பேரன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். பரணில் மற்றொரு பெட்டி இருப்பதாகவும், அதில் துணியில் சுற்றிய தாள்கள் சில இருப்பதாகவும், தாம் இன்னும் பிரிக்கவில்லை என்றும் கூறினார். பிரிக்க வேண்டா, நாங்கள் வருகிறோம் என்றேன். மாணவர் மூவர் உடன் வர இசைந்துள்ளனர். ஞாயிறு காலை பத்து மணிக்கு, அவ்வீட்டு வடக்குத் திண்ணையில்.